வெட்டி ஒட்டாதே... தைத்துக் கொடு!



திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் காதர்பேட்டை வந்துவிடும். தெருவின் இரண்டு பக்கமும் பனியன் கடைகள். டி-ஷர்ட், குழந்தைகள் உடை, நைட்டி என்று வாசல் வரை அடுக்கி வைத்திருப்பார்கள். வெளியூர், வெளிமாநில வியாபாரிகள் மூட்டை மூட்டையாக வாங்கிப் போவார்கள்.

அங்கே தொங்கும் டி-ஷர்ட் ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு, கைக்கு இரண்டு துண்டு, கழுத்துக்கு ஒரு ரிப் பட்டி. ஐந்து துண்டுகளையும் ஓவர்லாக் தையல் ஒன்றாகச் சேர்த்திருக்கும். வெளிப்பக்கம் திருப்பினால் அது ஒரே சட்டை!

இதே ஐந்து துண்டுகளையும் தைக்காமல் ஒரு பையில் போட்டுக் கொடுத்தால் யாராவது அணிய முடியுமா? முடியாது. அதற்குப் பெயர் சட்டை அல்ல, கட்பீஸ்!

தேர்வில் கட்டுரை எழுதும்போது நம்மில் பலர் கட்பீஸைத்தான் கொடுத்துவிட்டு வருகிறோம். அதைச் சட்டையாகத் தைப்பது எப்படி என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பல சான்றுகள், ஒரு கட்டுரை

நம் தமிழ்த் தேர்வில் 'குறிப்புகளைக் கொண்டு கட்டுரை எழுதுக' என்று கேட்பார்கள். உங்களுக்குப் பழக்கமானதுதான். அதற்கு அடுத்த படி ஒன்று உண்டு. ஒரே பொருளைப் பற்றி நான்கைந்து பேர் எழுதியவற்றைக் கொடுத்து, 'இவற்றைப் படித்து, உன் கருத்தைக் கட்டுரையாக எழுது' என்பார்கள். அதில் செய்தி இருக்கும், பேட்டி இருக்கும், அட்டவணையோ படமோ கூட இருக்கும். இதைத் தொகுப்புரைக் கட்டுரை என்று சொல்லலாம்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் ஏ.பி. ஆங்கில மொழித் தேர்வில் 2007-ஆம் ஆண்டு முதல் இப்படி ஒரு வினா வருகிறது. ஆறு அல்லது ஏழு சான்றுகள் தருவார்கள். குறைந்தது மூன்றையாவது பயன்படுத்த வேண்டும். படிக்க 15 நிமிடம், எழுத 40 நிமிடம் என்று கணக்கு.

"நாங்கள் அமெரிக்காவுக்கா போகப் போகிறோம்?" என்று கேட்காதீர்கள்! நாளைக்குக் கல்லூரியில் ஆய்வுக் கட்டுரை எழுதும்போதும், அலுவலகத்தில் நான்கு பேர் சொன்னதைக் கேட்டு ஓர் அறிக்கை எழுதும்போதும் இதே வேலைதான். வீட்டிலே அண்ணனும் தங்கையும் சண்டை போட்டால், இருவர் சொல்வதையும் கேட்டு அம்மா ஒரு தீர்ப்புச் சொல்கிறாரே, அதுவும் இதே வேலைதான்!

2011-ல் என் வகுப்பில்...

நான் ஆசிரியராக இருந்தபோது, 2011-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அந்த ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' நிலையை எட்டாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட வேண்டும் என்பது அந்த உத்தரவு. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. ஊரே இதைப் பற்றித்தான் பேசியது. நானும் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இதையே பயிற்சியாகக் கொடுத்தேன். நானே நான்கு சான்றுகளை எழுதிக் கரும்பலகையில் போட்டேன். அவை இவைதாம்:

சான்று 1 (செய்தி): ஜீரோ டிஸ்சார்ஜ் நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது. நொய்யல் பாசன விவசாயிகள் தொடர்ந்த வழக்கில், 2009-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் 'மாசுபடுத்தியவரே அதற்கான இழப்பை ஈடுசெய்ய வேண்டும்' என்று கூறியிருந்தது.

சான்று 2 (ஒரு விவசாயி சொல்வது): ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் திறந்தபோது, இனி வயலெல்லாம் விளையும் என்று சந்தோஷப்பட்டோம். வந்து சேர்ந்ததோ சாயத் தண்ணீர். கிணறும் உப்பாகிவிட்டது.

சான்று 3 (ஒரு சாயப்பட்டறைத் தொழிலாளி சொல்வது): திடீரென்று பூட்டிவிட்டார்கள். தினக்கூலியை நம்பிப் பிழைக்கிற குடும்பம். வீட்டு வாடகைக்கு என்ன செய்வேன்?

சான்று 4 (அறிவியல் குறிப்பு): பருத்தித் துணியில் சாயம் நன்றாக ஏறுவதற்கு நிறைய உப்புச் சேர்க்கிறார்கள். கழிவுநீரிலிருந்து நிறத்தை நீக்கினாலும், கரைந்திருக்கும் உப்பு சாதாரண வடிகட்டலில் போகாது. மென்சவ்வு வழியாக அழுத்தத்தில் செலுத்தினால் நல்ல நீர் தனியே வரும். மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்கினால் உப்பும் கிடைக்கும். இரண்டையும் மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் செலவு அதிகம்.

வினா: 'திருப்பூருக்குத் தொழிலும் வேண்டும், ஆறும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்குமா? குறைந்தது மூன்று சான்றுகளைப் பயன்படுத்தி எழுதுக.'

தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். பாதிப் பேர் கட்பீஸ் கொடுத்திருந்தார்கள். 'சான்று 1 இவ்வாறு கூறுகிறது. சான்று 2 இவ்வாறு கூறுகிறது. சான்று 3 இவ்வாறு கூறுகிறது' என்று கரும்பலகையில் இருந்ததையே திரும்ப எழுதியிருந்தார்கள்.

இரண்டு தாள்கள் மட்டும் வேறு மாதிரி இருந்தன.

ஒன்று ஒரு மாணவியுடையது. மூன்றாம் சான்றைத் தவிர வேறு எதையும் அவள் தொடவில்லை. 'பட்டறையை மூடியது அநியாயம்' என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அவளுடைய அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். வேலை போனபின் அம்மாதான் காதர்பேட்டைக் கடை ஒன்றில் பனியன் மடித்துப் பெட்டியில் போடும் வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார்.

இன்னொன்று ஒரு மாணவனுடையது. அவன் இரண்டாம் சான்றை மட்டும் எடுத்துக்கொண்டு, 'எல்லாப் பட்டறையையும் நிரந்தரமாக மூட வேண்டும்' என்று எழுதியிருந்தான். அவனுடைய தாத்தாவுக்கு நொய்யல் கரையோரம், அணைக்குப் பக்கத்தில் காடு இருந்தது.

இருவருக்கும் பத்துக்கு நான்கு போட்டேன். மாணவிக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் எழுதுனது உண்மைதானுங்க சார்?" என்றாள்.

"உண்மைதான் கண்ணு. ஆனா அது ஒரு கை மட்டும்தான். சட்டைக்கு இன்னொரு கை வேணுமே!" என்றேன்.

இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துத் தாள்களை மாற்றிப் படிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு அவள் கேட்டாள்: "உங்க தாத்தா கிணத்துத் தண்ணியக் குடிக்கவே முடியாதா?"

"வாயில வச்சா உப்புக் கரிக்கும். ஊருக்குப் போனா நாங்க இங்கிருந்தே குடத்துல தண்ணி எடுத்துட்டுத்தான் போவோம்" என்றான் அவன். அப்புறம் அவனே மெதுவாக, "உங்க அப்பாவுக்கு வேற வேலை கிடைச்சுதா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்ல" என்றாள்.

மறுநாள் இருவரும் திருத்தி எழுதிக்கொண்டு வந்தார்கள். அவளுடைய கட்டுரை இப்படித் தொடங்கியது: 'என் அப்பாவுக்கு வேலை வேண்டும். என் நண்பனின் தாத்தாவுக்குத் தண்ணீர் வேண்டும். இருவருக்கும் எதிரி உப்புதான். அதைப் பிரித்தெடுத்துவிட்டால் பட்டறையும் ஓடும், ஆறும் பிழைக்கும். அதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி.'

நான்கு சான்றும் அந்த நான்கைந்து வரிக்குள் வந்துவிட்டன, பார்த்தீர்களா? ஆனால் எந்தச் சான்றிலும் அந்த வரிகள் இல்லை. அவை அவளுடைய சொந்த வரிகள். தொகுப்புரை என்பது இதுதான். இந்த முறை பத்துக்கு ஒன்பது போட்டேன்!

பின்னாளில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்தி, ஜீரோ டிஸ்சார்ஜ் நிலையை எட்டிக் காட்டிய பட்டறைகள் படிப்படியாகத் திறக்க அனுமதிக்கப்பட்டன. செலவும் சிரமமும் பெரிதாகத்தான் இருந்தன.

சட்டை தைக்கும் ஆறு படிகள்

1. வினாவை முதலில் படி. சான்றுகளுக்குள் போகும் முன் வினாவை இரண்டு முறை படியுங்கள். 'கிடைக்குமா?' என்று கேட்டால் ஆம், இல்லை, இன்ன நிபந்தனையோடு கிடைக்கும் என்று ஒரு பதில் சொல்லியாக வேண்டும். பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்கவே 10 நிமிடம் தருகிறார்களே, அதை வேடிக்கை பார்த்துக் கழிக்காதீர்கள்!

2. யார் சொல்கிறார் என்று கேள். ஒவ்வொரு சான்றின் ஓரத்திலும் பென்சிலால் மூன்று சொற்கள் எழுதுங்கள்: யார்? எப்போது? எதற்காக? விவசாயி தன் வயலைப் பார்த்துப் பேசுகிறார். தொழிலாளி தன் அடுப்பைப் பார்த்துப் பேசுகிறார். இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் இருவரும் முழுவதையும் சொல்லவில்லை.

3. சேருமிடம், முட்டுமிடம் இரண்டையும் குறி. எந்தச் சான்று எதற்குத் துணை? எது எதோடு மோதுகிறது? மேலே உள்ளவற்றில் 1-உம் 2-உம் ஒரு பக்கம். 3 எதிர்ப்பக்கம். 4 இரண்டுக்கும் நடுவே பாலம். இதை ஒரு சின்னப் படமாக விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். முடித்ததும் அடித்துவிடலாம்.

4. உன் கருத்தை ஒரே வரியில் எழுது. கட்டிங் மாஸ்டர் துணியில் கத்தி வைக்கும் முன் பேட்டர்ன் வைப்பார் அல்லவா? உங்கள் பேட்டர்ன் இந்த ஒரு வரிதான். அது இல்லாமல் எழுதத் தொடங்கினால் ஒரு கை நீளமாகவும் மறு கை குட்டையாகவும் போய்விடும்!

5. பத்திக்கு ஒரு கருத்து, சான்றுக்கு ஒரு பத்தி அல்ல. பலர் தவறுவது இங்கேதான். நான்கு சான்று இருந்தால் நான்கு பத்தி என்று எழுதாதீர்கள். 'ஆறு ஏன் கெட்டது?' என்று ஒரு பத்தி. அதில் விவசாயியின் சொல்லும் வரும், அறிவியல் குறிப்பும் வரும். இப்படி:

'அணையில் தேங்கியது வெறும் நிறமல்ல. சாயம் ஏற்றச் சேர்க்கும் உப்பு சாதாரண வடிகட்டலில் போவதில்லை (சான்று 4). அதனால்தான் ஆற்றோரக் கிணறுகளும் உப்பாகிவிட்டதாக அந்த விவசாயி வருந்துகிறார் (சான்று 2).'

இங்கே ஒரு சான்று காரணத்தைச் சொல்கிறது. மற்றொன்று விளைவைச் சொல்கிறது. நடுவில் இருக்கும் 'அதனால்தான்' உங்களுடைய தையல். 'ஆனால்', 'இருந்தபோதிலும்', 'இதற்கு மாறாக', 'இதையே வேறொரு கோணத்தில்' என்பவை எல்லாம் நல்ல ஓவர்லாக் நூல்கள்!

6. எதிர்க்கருத்துக்கு மரியாதை கொடு. உங்களுக்குப் பிடிக்காத சான்றை மறைக்காதீர்கள். திருத்துபவருக்கு நான்கு சான்றும் தெரியும்! 'பட்டறையை மூடியதால் தினக்கூலிக் குடும்பங்கள் தவித்தன என்பது உண்மை (சான்று 3). ஆகவே, மாற்று ஏற்பாடு செய்யும்போது அவர்களையும் நினைக்க வேண்டும்' என்று எழுதிப் பாருங்கள். உங்கள் கட்டுரைக்கு வலுக் கூடும்.

செய்யக் கூடாதவை

* சான்றில் உள்ள வரிகளை அப்படியே பத்தி பத்தியாகப் பெயர்த்து எழுதக் கூடாது. உங்கள் சொற்களில் சுருக்கி எழுதுங்கள். ஒரு சிறு தொடரை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி போடுங்கள்.

* யாருடைய கருத்து என்று சொல்லாமல் எடுக்கக் கூடாது. அடைப்புக்குள் சான்றின் எண்ணைப் போடுவதற்கு ஒரு விநாடிதான் ஆகும்.

* சான்றில் இல்லாத எண்களை ஞாபகத்திலிருந்து அள்ளி விடக் கூடாது. உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள்.

* முடிவுரையில் புதுச் சான்று எதையும் நுழைக்கக் கூடாது. சட்டையைப் பெட்டியில் போட்டபின் கை தைப்பார்களா?

40 நிமிடக் கணக்கு

மொத்தம் 40 நிமிடம் என்றால், படித்துக் குறிக்க 10 நிமிடம், பேட்டர்ன் போட 5 நிமிடம், எழுத 20 நிமிடம், கடைசியில் சரிபார்க்க 5 நிமிடம். கம்பெனியில் செக்கிங் செய்யாத பீஸ் வெளியே போகாது. பிசிறு வெட்டாமல் அயர்னிங்குக்கும் அனுப்ப மாட்டார்கள். எழுத்துப்பிழை, விடுபட்ட சான்று எண், முடியாத வாக்கியம் இவைதாம் நம் பிசிறுகள்.

வீட்டிலேயே பழகலாம்

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் பலர் பலவிதமாகப் பேசும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'பிளாஸ்டிக் பையைக் கடையில் நிறுத்தலாமா?', 'விளையாட்டு மைதானத்தில் சந்தை போடலாமா?' இப்படி ஏதாவது ஒன்று. நாளிதழில் ஒரு செய்தி, கடைக்காரர் சொல்லும் ஒரு கருத்து, பாட்டி சொல்லும் ஒரு கருத்து, பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி. நான்கு சான்று ஆயிற்றா? ஒரு பக்கத்தில் கட்டுரை எழுதி, உங்களோடு ஒத்துப்போகாத நண்பரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். "என் பக்கத்தையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்" என்று அவர் சொன்னால் நீங்கள் தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள்!

அந்த மாணவியும் மாணவனும் அதற்குப் பிறகு ஆண்டு முடியும் வரை ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். கட்டுரை நோட்டை என்னிடம் கொடுக்கும் முன் ஒருவர் நோட்டை மற்றவர் படித்துப் பார்த்துவிடுவார்கள். அதனால் எனக்குத் திருத்தும் வேலையும் பாதியாகக் குறைந்தது!

நீங்களும் எழுதுங்கள், பழகுங்கள். தேர்வில் வெற்றி பெற வாழ்த்துகள்!