ஒழுங்கற்ற மாதவிடாய்ச் சுழற்சியில் பேறுகாலக் கணிப்பு

பேறுகாலக் கணிப்பு என்பது கருவின் வயதையும் குழந்தை பிறக்கக்கூடிய நாளையும் கணக்கிடும் முறையாகும். பொதுவாக இது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிடப்படுகின்றது. 28 நாட்களுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும் என்பது இக்கணக்கின் எடுகோள். சுழற்சி இதைவிட நீண்டதாக இருக்கும் பெண்களுக்கு, கருவின் வயது உண்மையில் உள்ளதைவிடக் கூடுதலாகக் கணக்கில் வந்துவிடும். சுழற்சி ஒழுங்கற்று இருப்பவர்களுக்குக் கடைசி மாதவிடாய் நாளை மட்டும் நம்பிக் கணிக்க இயலாது.

நேகலே விதி

செருமானிய மகப்பேற்று மருத்துவர் பிரான்சு கார்ல் நேகலே (1778–1851) என்பவரின் பெயரால் இவ்விதி அழைக்கப்படுகின்றது. கடைசி மாதவிடாயின் முதல் நாளுடன் 280 நாட்களைக் கூட்டினால் எதிர்பார்க்கும் பேறு நாள் கிடைக்கும். எளிதாகக் கணக்கிட, அந்நாளிலிருந்து மூன்று மாதங்களைக் கழித்து, ஏழு நாட்களையும் ஓர் ஆண்டையும் கூட்டுவர். மாதங்களின் நாட்கள் வேறுபடுவதால் இச்சுருக்கு வழி 280 முதல் 283 நாட்கள் வரை தரும்.

280 நாட்கள் என்பது 28 நாட்கள் கொண்ட பத்து மாதங்கள்; தாய் பத்து மாதம் சுமந்தாள் என்னும் தமிழ் வழக்கோடு இது ஒத்துப்போகின்றது. இதில் முதல் இரண்டு வாரங்களில் கரு உருவாகியிருப்பதே இல்லை. கருத்தரித்ததிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 266 நாட்களே ஆகும். ஆகவே "எட்டு வாரக் கர்ப்பம்" எனும்போது கருவின் உண்மையான அகவை ஆறு வாரங்கள்தான்.

சுழற்சியின் நீளம் ஏன் முக்கியம்?

மாதவிடாய்ச் சுழற்சியில் இரு கட்டங்கள் உள்ளன. முதல் கட்டத்தில் சூலகத்தில் முட்டை முதிர்கின்றது. முட்டை வெளிப்பட்ட பின் அடுத்த மாதவிடாய் வரையிலான காலம் இரண்டாம் கட்டம். இரண்டாம் கட்டம் பெரும்பாலும் இரண்டு வாரங்களை ஒட்டியே அமையும். சுழற்சி நீள்வதற்குப் பெரும்பாலும் முதல் கட்டம் நீள்வதே காரணம். எனவே 40 நாள் சுழற்சியில் முட்டை 14 ஆம் நாளில் அன்றி, ஏறத்தாழ 26 ஆம் நாளில் வெளிப்படுகின்றது.

நீண்ட சுழற்சிக்கான திருத்தம்

சுழற்சி நீண்டதாக, ஆனால் ஒழுங்காக இருந்தால் திருத்தம் எளிது. சுழற்சி நாட்களிலிருந்து 28ஐக் கழித்து, வரும் எண்ணை நேகலே விதியின் விடையுடன் கூட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு பெண்ணின் கடைசி மாதவிடாய் 2023 சனவரி 10 அன்று தொடங்கியது எனவும், அவரது சுழற்சி 40 நாட்கள் எனவும் கொள்வோம்.

- நேகலே விதிப்படி பேறு நாள்: 2023 அக்டோபர் 17
- திருத்தம்: 40 – 28 = 12 நாட்கள்
- திருத்திய பேறு நாள்: 2023 அக்டோபர் 29

சுழற்சி 28 நாட்களுக்குக் குறைவாக இருந்தால் அதே அளவைக் கழிக்க வேண்டும்.

ஒழுங்கற்ற சுழற்சி

ஒரு மாதம் 30 நாட்கள், மறுமாதம் 55 நாட்கள் என மாறி வருவோருக்கு மேற்கண்ட திருத்தம் பயன்படாது. சராசரி எடுத்தாலும், கருத்தரித்த சுழற்சி எவ்வளவு நீண்டிருக்கும் என்பதை அது கூறாது. சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி உள்ளவர்கள், பாலூட்டும் தாய்மார், கருத்தடை மாத்திரையை அண்மையில் நிறுத்தியவர்கள் ஆகியோரிடம் இந்நிலை காணப்படும். கருத்தரித்த தொடக்கத்தில் ஏற்படும் சிறு இரத்தக்கசிவை மாதவிடாய் எனத் தவறாகக் கொள்வதும் உண்டு.

உடலுறவு கொண்ட நாள் தெரிந்திருந்தால் அது ஓரளவு உதவும். எனினும் விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாட்கள் வரை உயிர்வாழக்கூடும் என்பதால், அந்நாளே கருத்தரித்த நாள் எனக் கூற முடியாது. சோதனைக்குழாய் முறையில் கருத்தரித்தவர்களுக்கு ஐயமே இல்லை. ஐந்து நாள் வளர்ந்த கருவைக் கருப்பையில் வைத்த நாளுடன் 261 நாட்களைக் கூட்டினால் போதும்.

மீயொலி நோட்டம்

பேச்சுவழக்கில் ஸ்கேன் எனப்படும் மீயொலி நோட்டமே ஏனையோருக்கு நம்பகமான வழியாகும். முதல் மூன்று மாதங்களில் கருக்கள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளர்வதால், கருவின் தலை உச்சி முதல் பிட்டம் வரையிலான நீளத்தைக் கொண்டு வயதைக் கணிக்கலாம். இவ்வளவு முறையை கிளாஸ்கோ நகரில் பணியாற்றிய இயூ ராபின்சன் 1973 இல் வெளியிட்டார். இக்கணிப்பில் 5 முதல் 7 நாட்கள் வரை பிழை இருக்கலாம்.

அமெரிக்க மகப்பேறியல், பெண்நோயியல் மருத்துவர் கல்லூரியின் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, ஒன்பது வாரங்களுக்கு முன் மாதவிடாய்க் கணக்கும் நோட்டக் கணக்கும் ஐந்து நாட்களுக்கு மேல் வேறுபட்டால் நோட்டக் கணக்கையே கொள்ள வேண்டும். பின்னர் இவ்வெல்லை கூடிக்கொண்டே போய், 28 வாரங்களுக்குப் பின் 21 நாட்கள் ஆகிவிடுகின்றது. கரு வளர வளரக் குழந்தைக்குக் குழந்தை அளவு வேறுபடுவதே இதற்குக் காரணம். ஆகவே ஒழுங்கற்ற சுழற்சி உடையவர்கள் முதல் நோட்டத்தைத் தள்ளிப்போடாமை நன்று. முதல் நோட்டத்தில் உறுதி செய்த நாளைப் பிந்தைய நோட்டங்களைக் கொண்டு மாற்றுவதில்லை.

தவறான கணிப்பின் விளைவுகள்

மேற்கண்ட எடுத்துக்காட்டில் உள்ள பெண் 2023 மார்ச் 7 அன்று நோட்டம் செய்துகொண்டால், மாதவிடாய்க் கணக்குப்படி எட்டு வாரங்கள். உண்மையில் ஆறு வாரமும் இரண்டு நாட்களுமே ஆகியிருக்கும். கரு சிறிதாகத் தெரியும். இதயத்துடிப்பு தென்படாமலும் போகலாம். நாள் கணக்கை மட்டும் கொண்டு கரு கலைந்துவிட்டது என முடிவு செய்தால், நலமான கருவை இழக்க நேரிடும். கருவின் நீளம் 7 மில்லிமீட்டரை எட்டியும் துடிப்பு இல்லாதபோதே அவ்வாறு முடிவு செய்யலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரையறை. அதற்குக் குறைவாயின் சில நாட்கள் கழித்து மீண்டும் நோட்டம் செய்வர்.

அதே பெண்ணுக்கு அக்டோபர் 31 அன்று 42 வாரங்கள் நிறைந்ததாகக் கணக்குக் காட்டும். உண்மையில் 40 வாரமும் இரண்டு நாட்களுமே ஆகியிருக்கும். நாள் கடந்துவிட்டது எனக் கருதித் தேவையின்றி மருந்து கொடுத்து வலியைத் தூண்டவோ, அறுவைச் சிகிச்சை செய்யவோ இது இட்டுச்செல்லலாம். குழந்தையின் வளர்ச்சி குன்றியுள்ளது எனத் தவறாக எண்ணவும் இடமுண்டு.

துல்லியமாகக் கணித்தாலும் பேறு நாள் ஒரு மதிப்பீடே. அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலவே. மருத்துவரைக் காணும்போது கடைசி மாதவிடாய் நாளுடன், வழக்கமான சுழற்சி எத்தனை நாட்கள் என்பதையும் கூறுவது கணிப்புப் பிழையைக் குறைக்கும்.