நின்ற இடத்தில் உதறும் வண்டி

உடலில் காய்ச்சல் கண்டால், காய்ச்சலே நோயன்று. உள்ளிருக்கும் நோயின் அறிகுறியே அது என்பதை இல்லந்தோறும் தாய்மார்கள் அறிவர். சிக்னலில் நிற்கும் கார் உதறுவதும் இத்தகையதே. இதனை உணராது நாம் பட்ட பாட்டையும், அதனால் பெற்ற பாடத்தையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நம் இல்லத்தில் நான்கு சிலிண்டர் கொண்ட பழைய பெட்ரோல் கார் ஒன்று உண்டு. வாரம் இருமுறை நம் தாயாரை டயாலிசிஸ் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வது அதுவே. ஒரு மழைக்காலத்தில் அது நோயுற்றது. நின்றால் ஸ்டியரிங் நடுங்கும். கதவுக் கண்ணாடிகள் கடகடக்கும். சில வேளைகளில் எஞ்சின் அணைந்தே போகும். வேகமெடுத்தாலோ ஒரு குறையும் தெரியாது. பட்டறை ஒன்றில் நான்கு பிளக்குகளையும் மாற்றினர்; அடுத்து, காயில்களை மாற்றினர். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென ஒதுக்கிய தொகையில் பாதி கரைந்தது. உதறல் மட்டும் கரையவில்லை.

எஞ்சின் ஏன் உதறுகிறது? நின்ற நிலையில் அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 800 முறை சுழல்கிறது எனக் கொள்வோம். இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரிலும் பெட்ரோல் எரிகிறது. ஆக, ஒரு சிலிண்டருக்கு 400 உந்துதல்கள். நான்கிற்கும் சேர்த்து 1,600. ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிடில் 400 உந்துதல்கள் குறைகின்றன. இதையே பட்டறைக்காரர்கள் ‘மிஸ்ஸிங்’ என்கின்றனர். நால்வர் சுமக்கும் பல்லக்கில் ஒருவர் தோள் கொடாவிடில் நேரும் தடுமாற்றம் போன்றது இது.

ஆகவே, முதலில் கேட்க வேண்டிய கேள்வி: தடுமாறுவது எஞ்சினா, அல்லது அதைத் தாங்கும் பிடிப்பா? புகைக்குழாயின் ஒலி சீராகவும் சுழற்சிமானியின் முள் அசையாமலும் இருக்க, காரின் உடல் மட்டும் அதிர்ந்தால், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கலாம். மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகளில் சிறிது அதிர்வு இயல்பே. அதை நோயெனக் கொள்ளலாகாது.

இரண்டாவது கேள்வி: நிற்கும்போது மட்டுமா, மேடு ஏறும்போதுமா? பாரம் ஏறும்போது மிஸ்ஸிங் மிகுந்தால் பிளக், காயில் ஆகியவற்றின் மேல் ஐயம் கொள்ளலாம். பிளக்குக்கு ஒன்றாகக் காயில் உள்ள வண்டிகளில், ஐயத்திற்குரியதை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்திப் பார்ப்பர். குறையும் உடன் இடம் மாறினால் குற்றவாளி அதுவே; புதிது வாங்குவது அதன் பின்னரே. இக்காலக் கார்களில் ஸ்கேனர் கருவியும் துணை செய்யும். பி0302 என்ற குறியீடு தோன்றினால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பொருள். எனினும், அது இடத்தைச் சொல்லுமேயன்றிக் காரணத்தைச் சொல்லாது.

நம் வண்டியின் நோயை இறுதியில் கண்டறிந்தவர் முதிய மெக்கானிக் ஒருவர். கருவி எதையும் எடுக்குமுன் அவர், “ஐயா, வேகமெடுத்தால் உதறல் போய்விடுகிறதா?” என்று வினவினார். ஆம் என்றோம். “பிரேக் மிதி முன்னைவிடக் கடினமாக இருக்கிறதா?” என்றார். திகைத்தோம். சில வாரங்களாக அவ்வாறே இருந்தது. மிதியின் வயதென்று எண்ணி வாளாவிருந்தோம்.

எஞ்சினின் உறிஞ்சும் விசையால் பிரேக்கிற்குத் துணை செய்யும் பூஸ்டருக்குச் செல்லும் ரப்பர் ஹோஸில் ஒரு வெடிப்பு. அதன் வழியே கணக்கில் வராத காற்று ‘உஸ்’ என்று உட்புகுந்தது. நின்ற நிலையில் எஞ்சின் பெறும் காற்று மிகக் குறைவாதலால் இச்சிறு கசிவும் பெட்ரோல் கலவையைக் கெடுத்தது. வேகமெடுக்கையில் பெருங்காற்று நுழைவதால் அது பொருட்படவில்லை. சிறு குழாய் ஒன்றை மாற்றியதும் எஞ்சின் அடங்கியது, மிதியும் இளகியது. உதறலோடு பழகிப்போயிருந்தால், ஒருநாள் தாயாரோடு செல்கையில் பிரேக் உரிய நேரத்தில் உதவாது போயிருக்கும்!

சில எச்சரிக்கைகள்: மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற கொல்லும் நச்சு. பானெட்டைத் திறக்கையில் துண்டும் சேலைத் தலைப்பும் விசிறியருகே செல்லலாகாது. எஞ்சின் அணைந்த பின்னும் மின்விசிறி சுழலக்கூடும். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓட்டாது நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரைப் பாழாக்கிவிடும்.

பொருளை மாற்றுமுன் கேள்வி கேட்பவரே நல்ல மெக்கானிக். அவர் கேட்கும்போது உண்மையாய் விடையளிக்க, நம் வண்டியை நாமும் நாள்தோறும் சற்றே செவிமடுத்திருத்தல் வேண்டும்.