ஏழுக்குத் தட்டத் தெரிந்த டிரம் மெஷின்

போடிமெட்டில் கிடாரோ கீபோர்டோ பழகுபவருக்கு எளிதில் கிடைக்காதது, கூட வாசிக்க ஆள்தான். மலையிலிருந்து கீழே இறங்கினால் போடிநாயக்கனூர், கேரள எல்லை தாண்டினால் பூப்பாறை, நடுவில் ஏலத் தோட்டங்கள். தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து தாளம் போட்டுத் தர ஒரு டிரம்மரை இங்கே எங்கே தேடுவது? அதற்குத்தான் டிரம் மெஷின் மென்பொருள். இலவசம் என்று தேடினால் நிறையவே வந்து விழும். ஆனால் சிலது பாட்டுக்குப் பாட்டு விளம்பரம் காட்டும், சிலது நெட் இல்லாவிட்டால் திறக்காது, பலவற்றுக்கு நாலுக்கு மேல் எண்ணுவதே சிரமம். எத்தனை டிரம் ஒலி இருக்கிறது என்று பார்ப்பதைவிட இந்த மூன்றைப் பார்ப்பது நல்லது.

இயந்திரம் தாளம் போடுவது புதிதல்ல. 1959இல் அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் விற்ற ‘சைடுமேன்’ பெட்டிக்குள் ஒரு தட்டு சுழலும். அதிலுள்ள மின்தொடுமுனைகள் வழியாகத்தான் எந்த ஒலி எப்போது எழ வேண்டும் என்று முடிவாகும். வேகம் வேண்டுமென்றால் தட்டு வேகமாகச் சுற்றும், அவ்வளவுதான். 1980இல் ஜப்பானின் ரோலண்ட் டிஆர்-808 வந்தபோது 16 பொத்தான்களை வரிசையாக அழுத்தி நமக்கு வேண்டிய தாளத்தை நாமே அமைக்க முடிந்தது. 1982இல் மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் அதை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். நம் பக்கத்தில், பெங்களூரில், புல்லாங்குழல் வாசிக்கும் பொறியாளர் ஜி. ராஜ் நாராயண் 1979இலேயே மின்னணுத் தம்புராவை உருவாக்கியிருந்தார். அவருடைய ராடெல் நிறுவனத்திலிருந்து தாளக் கருவிகளும் பின்னால் வந்தன.

அந்தப் பெட்டிகள் செய்த வேலையை இன்று ஒரு பழைய மடிக்கணினி செய்துவிடும். நான் பரிந்துரைப்பது ‘ஹைட்ரஜன்’ என்ற மென்பொருளை. இத்தாலியரான அலெஸாண்ட்ரோ கொமினு தொடங்கியது. ஜிபிஎல் உரிமத்தில் வருவதால் காசும் இல்லை, விளம்பரமும் இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒருமுறை இறக்கிக்கொண்டால் பிறகு நெட் தேவையில்லை. மலையில் இது சின்ன விஷயமல்ல. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். அப்படி ஒன்று வீட்டுப் பரண்மேல் உயிரோடு இருந்தால் எடுத்துத் தூசி தட்டலாம்.

ஹைட்ரஜனைத் திறந்தால் கட்டம் போட்ட தாள்போல ஒரு திரை. ஒவ்வொரு வரிசையும் ஒரு கருவி, இடமிருந்து வலமாகக் காலம். கட்டத்தில் சொடுக்கினால் அந்த இடத்தில் அடி விழும். திறந்தவுடன் இருப்பது நாலு நாலாக எண்ணும் மேற்கத்திய அளவு. ‘பேட்டன்’ எனப்படும் இந்தத் தாளத் துண்டின் நீளத்தை மாற்றலாம் என்பதுதான் நமக்கு முக்கியம். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிச்ர சாபு வேண்டுமா? பேட்டனின் நீளத்தை 7 ஆக்கிவிட்டு, ‘தகிட தக திமி’ என்று சொல்லிக்கொண்டே 1இல் கனமான அடி, 4இலும் 6இலும் லேசான அடி. கண்ட சாபுவுக்கு நீளம் 5. அடி 1இலும் 3இலும். மிருதங்கத்தின் நாதம் இதில் வராது. பழகுவதற்கு அது தேவையும் இல்லை.

மிக மெதுவாகப் பழகும்போதுதான் தாளம் கழலும். இதற்குக் காரணம் நம் மூளை. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே சுமார் 1.8 விநாடிக்கு மேல் போனால், அடுத்ததை முன்கூட்டி உணர்ந்து அதோடு சேர்ந்து தட்டுவது நமக்கு இயலாமல் போகிறது. கேட்ட பிறகே தட்டுகிறோம். நிமிடத்துக்கு 30 என்று வேகம் வைத்தால் இடைவெளி 2 விநாடி, அதாவது எல்லைக்கு வெளியே. இடைவெளியைப் பிரித்து எண்ணினால் பிழை குறையும் என்று ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். நம் வித்வான்கள் சௌக்க காலத்தில் இரண்டு களையாக, அதாவது ஒவ்வோர் எண்ணிக்கையையும் இரண்டாகப் பிரித்துத் தாளம் போடும்போது செய்வதும் இதையேதான். எனவே 30இல் பழக வேண்டுமென்றால் மெஷினை 60இல் வைத்து, இடைப்பட்ட தட்டுகளின் ஒலியைக் குறைத்துவிடுங்கள்.

இன்னொரு விசித்திரம். மெட்ரோனோமுக்குச் சரியாக விரலால் தட்டுங்கள் என்றால், பெரும்பாலோர் சத்தத்துக்குச் சில பத்து மில்லி விநாடி முன்பே தட்டிவிடுகிறார்கள். தட்டுபவருக்கு அது மிகச் சரியாகவே தோன்றும். இசைப் பயிற்சி உள்ளவர்களிடம் இந்த இடைவெளி குறைவு. உங்களுடையதை அளக்க, இன்னொரு இலவச மென்பொருளான ஆடாசிட்டி போதும். அதிலேயே தாளத்தடம் உருவாக்கும் வசதி உண்டு. அதைக் கேட்டபடி வாசித்துப் பதிவு செய்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லா அடியும் ஒரே அளவு தள்ளியிருந்தால் அது கணினியின் தாமதமாகவும் இருக்கலாம், கவலைப்பட வேண்டாம். முன்னும் பின்னுமாகச் சிதறியிருந்தால் அது உங்கள் கை.

இந்தச் சோதனைக்குப் புளூடூத் ஹெட்போன் ஆகாது. அதன் தாமதம் 100, 200 மில்லி விநாடி வரை போகும். நிமிடத்துக்கு 120 என்ற வேகத்தில் ஒரு தட்டின் கால்பங்கே 125 மில்லி விநாடிதான். சும்மா கூட வாசிக்க மட்டும் என்றால் புளூடூத்தால் பாதகமில்லை. காதில் விழுவதைத்தானே பின்தொடர்கிறோம். ஸ்பீக்கரை எட்ட வைத்தாலும் மீட்டருக்கு சுமார் 3 மில்லி விநாடி தாமதம் வரும். போடிமெட்டுக் குளிரில் ஒலி கொஞ்சம் மெதுவாகத்தான் போகும் (உயரத்தால் அல்ல, வெப்பநிலையால்). 35 டிகிரியில் விநாடிக்கு 352 மீட்டர் என்றால் 10 டிகிரியில் 337. ஐந்து மீட்டரில் வித்தியாசம் ஒரு மில்லி விநாடிகூட இராது சாமி, தாளம் தப்பினால் குளிர்மேல் பழி போட முடியாது.

ஹைட்ரஜனில் அடிகளை வேண்டுமென்றே கொஞ்சம் சிதறவிடும் திருகும் உண்டு, மனிதர் வாசிப்பதுபோலத் தோன்ற. கானா நாட்டு டிரம்மர் ஒருவரின் வாசிப்பை ஆராய்ந்து 2011இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, மனிதக் கையின் சிறு விலகல்கள் தாறுமாறானவை அல்ல, ஒன்றின் சாயல் வெகுதூரம் தள்ளி வருவதிலும் தொடர்கிறது என்றது. ரசிப்பதற்கு இது சுவை. பழகும்போது அந்தத் திருகைப் பூஜ்யத்தில் வையுங்கள். அளவுகோலே ஆடினால் எதை அளப்பது?

மெஷினோடு மட்டுமே பழகுவதில் ஓர் ஆபத்து உண்டு. இடைவிடாத வழிகாட்டல் இருக்கும்வரை நன்றாகச் செய்பவர்கள், அதை எடுத்துவிட்டால் தடுமாறுவார்கள் என்று உடலியக்கப் பயிற்சி ஆய்வாளர்கள் 1984 முதலே சொல்லிவருகிறார்கள். ஆகவே நாலு ஆவர்த்தனம் ஒலிக்கட்டும், ஐந்தாவது மௌனம். ஹைட்ரஜனில் இது எளிது: ஒன்றுமே அடிக்காத வெறும் பேட்டன் ஒன்றைச் செய்து பாடல் வரிசையில் நடுவே செருகினால் போதும். பழகப் பழக மௌனத்தை இரண்டு, மூன்று ஆவர்த்தனமாக நீட்டலாம். ஒன்று மட்டும் கவனம்: மிச்ர சாபு பழகுகிறீர்கள் என்றால் வெறும் பேட்டனின் நீளமும் 7ஆகவே இருக்க வேண்டும். தவறி 8 ஆக வைத்துவிட்டால், நீங்கள் சரியாகச் சமத்துக்கு வந்து நிற்பீர்கள், கணினி ஓர் எண்ணிக்கை கழித்து வந்து சேரும்.