தாய் உண்பதும் சேய் அழுவதும்

கைக்குழந்தை மாலை வேளையில் வீறிட்டு அழுதால், "நீ பருப்புத் தின்றாய், பிள்ளைக்கு வாயு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்த வாயு தாயின் குடலோடு நின்றுவிடும், பாலில் கலக்காது. ஆறாவது வார அளவில் அழுகை மிகுந்து, மூன்று நான்கு மாதங்களில் தானே தணிவது இயல்பு. இதற்காகக் கீரை, மீன், பழம் எல்லாவற்றையும் பத்தியமென ஒதுக்கினால் தாய்தான் இளைத்துப்போவாள்.

எனினும் இரண்டைக் கவனிப்போம். கோப்பியும் கடுந்தேநீரும் மிஞ்சினால் பச்சிளங் குழந்தை உறங்காது தவிக்கும். நாளுக்கு இரண்டு கோப்பை போதும். சில குழந்தைகளுக்குத் தாய் அருந்தும் பசும்பாலின் புரதம் ஒவ்வாது. மலத்தில் இரத்தமோ சளியோ கண்டால், காய்ச்சல் கண்டால், பால் குடிக்க மறுத்தால் உடனே கிளினிக்கில் காட்ட வேண்டும். அங்கே சொன்னால், பால், தயிர், டின்பால் ஆகியவற்றைத் தாய் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திவிட்டு, மீண்டும் உண்டு பார்க்கலாம்.

தாய்ப்பாலை மட்டும் நிறுத்தலாகாது. இனிப்பு டின்பாலைப் புகட்டுவதால் குழந்தைகள் மடிவதை 1939இல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் துணிந்து எடுத்துரைத்தார். அதை நாம் மறவாதிருப்போம்.