கொடுத்து வாழும் கடலோரம்

சாங்கி முனையில் படகேறினால் ஏறத்தாழப் பத்து நிமிடங்களில் புலாவ் உபின் தீவை அடைந்துவிடலாம். அத்தீவின் கிழக்கு முனையில் அமைந்துள்ள கடலோரப் பகுதியே செக் ஜாவா. கடல்நீர் ஏறியிருக்கும் வேளையில் அங்குச் செல்பவர்களின் கண்களுக்குப் பெரும்பாலும் நீர்ப்பரப்பே தெரியும். நீர் வற்றியதும் காட்சி மாறிவிடும். மணல்திட்டுகளும் கடற்புல் வெளியும் பாறைகளும் ஒவ்வொன்றாக வெளிப்படும். ஈர மணலில் நட்சத்திர மீன்கள் கிடக்கும். நண்டுகள் வளைகளிலிருந்து எட்டிப் பார்க்கும். சுமார் 100 ஹெக்டர் பரப்பளவு கொண்ட இவ்விடத்தில் ஆறு வகையான வாழிடங்கள் அருகருகே அமைந்துள்ளன.

இவ்வளவு சிறிய இடத்தில் இத்தனை உயிரினங்கள் எவ்வாறு வாழ்கின்றன? அவற்றுக்கு உணவு எங்கிருந்து கிடைக்கிறது? இக்கேள்விகளுக்கான விடையைக் கரையோரம் வளர்ந்துள்ள கண்டல் மரங்களிலிருந்து தேடத் தொடங்கலாம்.

கண்டல் மரத்தின் இலை பழுத்துச் சேற்றில் விழுகிறது. அந்த இலை தடிப்பானது, துவர்ப்பு மிகுந்தது. அதனால், பெரும்பாலான விலங்குகள் அதை உண்பதில்லை. ஆனால், சேற்றில் வாழும் சிறு நண்டுகள் அதை வளைக்குள் இழுத்துச் சென்று, கிழித்துத் தின்கின்றன. எஞ்சிய துணுக்குகளையும் நண்டுகளின் கழிவையும் நுண்ணுயிரிகள் மட்கச் செய்கின்றன. அந்த மட்கு, புழுக்களுக்கும் சிறு இறால்களுக்கும் சத்துள்ள உணவாகிறது. அவற்றை மீன்கள் உண்கின்றன. மீன்களைக் கொக்குகள் பிடித்து உண்கின்றன. நண்டு தோண்டும் வளையினால் மரத்திற்கும் நன்மை உண்டு. காற்று எளிதில் புக முடியாத சேற்றுக்குள் அவ்வளை வழியாக உயிர்வளி செல்கிறது. இலை தந்த மரத்திற்கு நண்டு செய்யும் கைம்மாறு என்றே இதனைக் கூறலாம்.

பின்னிக் கிடக்கும் கண்டல் வேர்களுக்கிடையே புகும் நீர் வேகம் குறைகிறது. அது சுமந்து வரும் மண் அங்கேயே படிகிறது. பெரிய மீன்களால் எளிதில் நுழைய முடியாத அந்த வேர்க்கூட்டம், மீன்குஞ்சுகளுக்கும் இறால் குஞ்சுகளுக்கும் பாதுகாப்பான புகலிடமாக விளங்குகிறது.

மண் வேர்களிடையே தங்கிவிடுவதால், அதற்கு அப்பால் உள்ள நீர் கலங்குவது குறைகிறது. இதனால் பயன்பெறுவது கடற்புல். கடற்புல் பாசி வகையைச் சேர்ந்ததன்று. அது வேரும் பூவும் உடைய தாவரம். நீருக்கடியில் ஒளிச்சேர்க்கை செய்ய அதற்குச் சூரிய ஒளி வேண்டும். நீர் கலங்கினால் ஒளி குறையும், புல் நலியும். செழித்து வளரும் கடற்புல், தன் வேர்களால் மணலை இறுகப் பிடித்துக்கொள்கிறது. இலைகளால் அலையின் வேகத்தைத் தணிக்கிறது. அதனால் கரை அரிப்பு குறைகிறது. இளம் கண்டல் கன்றுகள் வேரூன்ற முடிகிறது. புல்லிடையே வாழும் கடலட்டை மணலை விழுங்கி, அதிலுள்ள மட்கை உண்டு, தூய மணலை வெளியேற்றுகிறது. கடற்பஞ்சு நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்துகள்களை வடிகட்டி உண்கிறது.

இவ்வாழிடங்களை இணைக்கும் பாலமாக இருப்பது கடல்நீரின் ஏற்ற இறக்கம். ஏறும் நீர் உயிர்வளியையும் மிதவை உயிரிகளையும் கொண்டு வருகிறது. இறங்கும் நீர், கண்டல் காட்டில் உருவான மட்கைக் கடற்புல் வெளிக்குக் கொண்டு செல்கிறது. ஆகவே, இங்குள்ள எந்த வாழிடமும் தனித்து இயங்குவதில்லை. ஒன்றை அழித்தால் மற்றவையும் பாதிக்கப்படும்.

இத்தகைய இடம் ஒருமுறை அழிவின் விளிம்பு வரை சென்றது. 2001ஆம் ஆண்டு இறுதியில் அங்கு நிலமீட்புப் பணி தொடங்கவிருந்தது. நிலப்பற்றாக்குறை உள்ள சிங்கப்பூருக்கு நிலமும் தேவைதான். எனினும், செய்தி பரவியதும் பொதுமக்கள் நீர் வற்றும் நேரம் பார்த்துத் திரளாகச் சென்று செக் ஜாவாவைக் கண்டனர். தொண்டூழியர்கள் அரும்பொருளக ஆய்வாளர்களுடன் சேர்ந்து உயிரினங்களைக் கணக்கெடுத்தனர். பலர் அரசாங்கத்திடம் தங்கள் கருத்தைத் தெரிவித்தனர். அவ்வாண்டு டிசம்பரில் நிலமீட்புத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2007இல் மக்கள் சேற்றை மிதிக்காமல் சுற்றிப் பார்ப்பதற்கு நடைபாதையும் திறக்கப்பட்டது.

அந்நடைபாதை திறக்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு செக் ஜாவா மற்றொரு சோதனையைச் சந்தித்தது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் கனமழை பெய்தது. ஆற்று வெள்ளம் நீரிணையில் கலந்ததால் கடல்நீரின் உப்புத்தன்மை வெகுவாகக் குறைந்தது. கடற்சாமந்திகளும் கடற்பஞ்சுகளும் பெருமளவில் மடிந்தன. ஆயினும், அடுத்து வந்த ஆண்டுகளில் உயிரினங்கள் படிப்படியாகத் திரும்பின. பல கடல் உயிரினங்களின் இளம் உயிரிகள் நீரோட்டத்தில் மிதந்து சென்று, தக்க இடம் கிடைத்ததும் அங்கே தங்கி வளரும் இயல்புடையவை. செக் ஜாவாவின் மணலும் புல்லும் மரங்களும் எஞ்சியிருந்ததால், அவை தங்குவதற்கு இடம் இருந்தது. அவ்விடமே தூர்க்கப்பட்டிருந்தால் அவை எங்கே திரும்பியிருக்கும்?

தீவின் மேம்பாட்டுக்குத் தேவைப்படாதவரை செக் ஜாவா தூர்க்கப்படாது என்பதே அன்று எடுக்கப்பட்ட முடிவு. திட்டம் தள்ளிவைக்கப்பட்டதே தவிர, முற்றாகக் கைவிடப்படவில்லை. மீண்டும் இக்கேள்வி எழும் நாளில் விடை சொல்லப்போகும் தலைமுறையில், இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்களும் இருப்பார்கள். பழுத்து விழும் ஓர் இலை எத்தனை உயிர்களுக்கு உணவாகிறது என்பதை அறிந்தவர்களே அக்கேள்விக்குச் சிந்தித்து விடையளிக்க முடியும்.