காக்கேசியக் கம்பளமும் சாயத்தின் உறுதியும்

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையேயுள்ள காக்கேசிய வட்டாரத்தில் கூபா, ஷிர்வான், கராபாக், கசாக் ஆகிய பகுதிகள் கம்பள நெசவுக்குப் பெயர்பெற்றவை. 19-ஆம் நூற்றாண்டில் அங்கு நெய்யப்பட்ட ஒடுங்கி நீண்ட கம்பளங்கள் இன்றும் பல நாடுகளில் வீட்டு நடைகளில் விரிக்கப்படுகின்றன.

பெண்கள் வீட்டுத் தறியில் கம்பளிப் பாவை இழுத்துக் கட்டி, இரண்டிரண்டு பாவிழைகளின்மீது முடிச்சிட்டனர். ஒரு வரிசை முடிந்ததும் ஊடையைச் செலுத்திச் சீப்பினால் அடித்து இறுக்கினர். மஞ்சிட்டி இன வேரினால் சிவப்பும், அவுரியினால் நீலமும் ஏற்றினர்.

1856-இல் இங்கிலாந்தில் செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் அத்தகைய மலிவுச் சாயங்கள் காக்கேசியாவையும் அடைந்தன. வேலை எளிதாயிற்று, ஆனால் தொடக்ககாலச் சாயங்களில் பல வெயிலில் வெளுத்தன, ஈரத்தில் கசிந்தன.

ஆகவே, பழங்கம்பளம் வாங்குவோர் கம்பளி இழைகளை விலக்கி அடிப்பகுதியைப் பார்க்கின்றனர். நுனி அறவே வெளுத்து, அடியில் மட்டும் நிறம் பளிச்சென்றிருந்தால் ஐயுறுகின்றனர். ஈரமான வெள்ளைத் துணியால் ஒற்றி, சாயம் ஒட்டுகிறதா என்றும் சோதிக்கின்றனர்.

அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியது யாதெனில், முடிச்சில் குறையில்லாத கம்பளமும் சாயம் கெட்டால் விலை தாழ்கிறது. சாயத்தில் மிச்சம் பிடித்த சிறு தொகை, பல மாத உழைப்பின் பயனை அழித்துவிடுகிறது.