30 லட்சம் மைல் ஓடிய கார்!

அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டைச் சேர்ந்தவர் இர்வ் கோர்டன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியர். 1966-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர் சிவப்பு நிற 'வால்வோ' கார் ஒன்றை வாங்கினார். விலை 4,150 டாலர். ஏறக்குறைய அவருடைய ஒரு வருடச் சம்பளம் அது.

வாங்கிய சில நாட்களிலேயே கார் மறுபடியும் விற்றவர்களின் வாசலில் வந்து நின்றது. கோளாறு ஒன்றும் இல்லை. 1,500 மைல் ஓடியதும் செய்ய வேண்டிய முதல் சர்வீசுக்கு வந்திருந்தார்! வார விடுமுறைக்குள்ளேயே அவ்வளவு தூரம் ஓட்டிவிட்டார்.

பிறகு அந்தக் காருக்கு ஓய்வே இல்லை. பள்ளிக்கூடம் போய்வர மட்டும் தினமும் 125 மைல். 1987-ல் 10 லட்சம் மைலைத் தொட்டது. 2002-ல் 20 லட்சம். 2013 செப்டம்பரில், அலாஸ்காவில், 30 லட்சம்! சந்திரனுக்கு 6 முறை போய்த் திரும்புகிற தூரம் இது. கின்னஸ் சாதனைப் புத்தகத்திலும் இடம் கிடைத்தது. 2018-ல் கோர்டன் தமது 78-வது வயதில் காலமானார்.

மந்திரம் இல்லை

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. காருடன் கொடுக்கிற கைப்புத்தகத்தைப் பெரும்பாலோர் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. கோர்டன் படித்தார். படித்தபடி செய்தார். 3,000 முதல் 3,500 மைலுக்குள் எஞ்சின் ஆயிலை மாற்றிவிடுவார். 6 லட்சத்து 80 ஆயிரம் மைல் வரை அந்த எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

இங்கேயோ, ஒரு லட்சம் கிலோ மீட்டர் தாண்டிவிட்டால் "வண்டி கிழடு தட்டிவிட்டது" என்கிறார்கள். விற்கப் போகிற வண்டிக்குச் செலவு எதற்கு என்று சர்வீசையும் தள்ளிப் போடுகிறார்கள். வண்டியை முடமாக்குவது பெரும்பாலும் இந்தச் சிக்கனம்தான்.

எஞ்சின் ஆயில் வழுக்கலுக்கு மட்டும் அல்ல; சூட்டையும் அழுக்கையும் சுமந்து செல்வதும் அதுதான். வயதான எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் குடிக்கும். ஆகவே சர்வீஸ் தேதி வரை காத்திராமல், வாரம் ஒரு முறை சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் அளவுக் கம்பியை எடுத்துப் பார்ப்பது நல்லது. இரண்டு நிமிட வேலை.

ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றுவது இன்னொரு வழக்கம். உப்பு படிந்து குழாய்கள் அடைத்துக்கொள்ளும். துரு வேறு பிடிக்கும். கூலன்டில் துருவைத் தடுக்கும் மருந்து உண்டு. அதுவும் நாளாக ஆக வலுவிழக்கும்.

கோர்டனின் எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, பல் சக்கரங்கள்தான். இப்போதைய கார்கள் பலவற்றில் ரப்பர் பெல்ட் இருக்கிறது. அது முன்னறிவிப்பு கொடுக்காமலே அறுந்துவிடக் கூடியது. அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது, எஞ்சினையே பிரிக்கிற செலவாகிவிடும். பழைய காரை விலைக்கு வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "பெல்ட் எப்போது மாற்றினீர்கள்?" என்பதுதான். பெயின்டைத் தடவிப் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

உயிர் காக்கும் ஆயில்

இவை எல்லாம் பணத்தோடு போகிற நஷ்டங்கள். பிரேக் அப்படி அல்ல.

பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை அது மெள்ள மெள்ள உறிஞ்சிக்கொள்ளும். கார் ஓடாமல் நின்றாலும் உறிஞ்சும். 'டாட் 3' என்ற ரகத்தை எடுத்துக்கொண்டால், புதியது 205 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் 140 டிகிரி தாங்கினால் போதும் என்று விதியே தளர்ந்து கொடுக்கிறது.

ஊருக்குள் ஓட்டுகிறவரை இந்த வித்தியாசம் தெரியாது. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரங்களில் சூடு ஏறும். பழைய ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவியாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரை வரை போகும், கார் நிற்காது! காலையில் புறப்படும்போது நன்றாகப் பிடித்த பிரேக்தான் அது.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றச் சொல்லிப் பல கம்பெனிகளின் கைப்புத்தகத்தில் எழுதியிருக்கிறது. டாங்கி நிறைய ஒரு தடவை பெட்ரோல் போடுகிற செலவுகூட ஆகாது. இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்குவது பழைய டிரைவர்களின் வழக்கம். அதற்குச் செலவே இல்லை.

மலைக்குப் புறப்படுமுன் டயரையும் குனிந்து பார்க்கலாம். ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். '2319' என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் புதிதுபோல் இருந்தாலும், வயதான ரப்பர் வெடித்துப் போகும். கார் அதிகம் ஓடாத வீடுகளில்தான் இப்படிப்பட்ட டயர்களைப் பார்க்க முடிகிறது.